நடந்து வந்தவர்களுக்கு ஒரு கல்

நாட்டின் வீதிகளுக்குப் பொறுப்பான ஐயாமார், அம்மாமாருக்கு,

வணக்கம். நான் நுவரெலியாவிலிருந்து தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் லொறிச் சாரதி. லீக்ஸ், கரட், கோவா. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை போகிற ஏ9 வீதியில் எனக்குப் பழக்கம் தம்புள்ளை வரைக்கும்தான். ஆனால் அந்தத் துண்டில் எந்த வளைவில் எந்தக் குழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஏ9 என்றதும் எல்லோருக்கும் ஆனையிறவும் ஓமந்தையும் முகமாலையும்தான் ஞாபகத்துக்கு வரும். போரால் வருடக்கணக்கில் மூடிக் கிடந்து, 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடிய வீதி. அந்தக் கதையைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது இந்தக் கோடியின் கதை, அதுவும் தார் ஊற்றுவதற்கு முந்திய கதை.

1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்டார். அப்புறம் கோப்பி மலை மலையாக ஏறியது, ஆள் தேவைப்பட்டது. கண்டிச்சீமைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் தோணியால் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா என்று மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 240 கிலோமீற்றர். முன்னால் கங்காணி, பின்னால் அரிசியும் சட்டியும் சுமந்த கூட்டம். பாதி வழி காடு, குடிக்கக் குளத்துத் தண்ணீர். வாந்திபேதி கண்டவர்களைத் தூக்கிச் சுமக்க யாருக்கும் தெம்பில்லை. கோப்பி ஆய்ந்து முடிந்ததும் பலர் இதே வழியால் ஊருக்குத் திரும்பினார்கள், அடுத்த அறுவடைக்கு மறுபடி வந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுவதைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உயிரோடு வந்து சேர்ந்துவிட்டோம் என்று அந்தச் சனங்கள் கும்பிட்ட அம்மன் அவள்.

எங்கள் அம்மாச்சியோடு தம்புள்ளைக்கு பஸ்ஸில் போனால் நாலந்தா தாண்டியதும் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். ஒரு பத்துச் சதக் குற்றியை எடுத்து, ஜன்னலால் வெளியே போடுவார். எந்த இடம் என்று கணக்கில்லை, நாவுலை வருவதற்குள் போட்டுவிடுவார். அவருடைய அம்மாச்சி சின்னப் பெண்ணாக நடந்து வந்தபோது, கூட வந்த தம்பியை அங்கே எங்கேயோ ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வந்தாளாம். எந்த மரம் என்று அவளுக்கே தெரியாது, குழி தோண்டினார்களா என்றும் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரர் ஒருதரம், "காசை எறியுறீங்களே ஆச்சி" என்று கேட்டதற்கு, "அவனுக்கு மிட்டாய் வாங்க" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கண்டி–கொழும்பு வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் டோசன் கோபுரம் நிற்கிறது. அந்த வீதியைத் திட்டமிட்ட பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார், 1832இல் அவர் நினைவாகக் கோபுரம் கட்டினார்கள். அவருடைய அறிவையும் திறமையையும் கல்வெட்டுப் புகழ்கிறது. இருக்கட்டும், அந்த ஏற்றத்தில் வண்டி ஓட்டுகிற எனக்கு அவர்மேல் மரியாதைதான். ஆனால் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் இராஜகாரியம் என்று கட்டாயமாகப் பிடித்துவந்து கல் உடைக்க வைத்தது கண்டிக் கிராமத்துச் சிங்களச் சனங்களை. அவர்களில் ஒருவருடைய பெயராவது யாருக்காவது தெரியுமா?

2023இல், அந்தச் சனங்கள் வந்து இருநூறு வருடமானதற்கு மலையகம் 200 என்று, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தது ஒரு நடைபயணம். கடைசி நாள் நானும் கொஞ்சத் தூரம் கூட நடந்தேன். காலில் செருப்பு, கையில் தண்ணீர்ப் போத்தல், வழியில் சாப்பாடும் உபசரிப்பும். அப்படியிருந்தும் சாயந்தரம் குதிகால் வெடித்து, இரண்டு நாள் கிளச்சை மிதிக்க முடியவில்லை.

என் கோரிக்கை சின்னது. நாவுலைக்கும் நாலந்தாவுக்கும் நடுவில், வீதியோரமாக, நிழலுள்ள இடத்தில் ஒரு கல் நாட்டுங்கள். இடுப்பளவு போதும். இந்த வழியாக நடந்து வந்தவர்களுக்கும், வழியிலேயே நின்றுபோனவர்களுக்கும் என்று மூன்று மொழியிலும் வெட்டுங்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தால் நல்லது, தண்ணீருக்குத் தவித்துச் செத்தவர்கள் அவர்கள். திறப்பு விழா, ரிப்பன், பந்தல் ஒன்றும் வேண்டாம். தமிழை மட்டும் வெட்டுவதற்கு முதல் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து வந்த பயம் இது, கோபிக்க வேண்டாம்.

கல்லுக்கு ஏற்றுக்கூலி பற்றி யோசிக்கவும் வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் தம்புள்ளையில் மூட்டை இறக்கிவிட்டு வெறும் லொறியாகத்தான் திரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மரக்கறி லொறிச் சாரதி