இரவில் வரும் மிளாவைப் படம்பிடிக்க எந்தக் கேமரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேச்சிப்பாறை, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், கடையாலுமூடு என நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதிகளில் விளை (தோட்ட நிலம்) வைத்திருப்போர், இரவோடு இரவாக மரச்சீனியையும் (மரவள்ளி) இளம் வாழையையும் தின்றுவிட்டுப் போவது மிளா என்னும் கடமானா, காட்டுப்பன்றியா என்று அறிய, மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கி கேமராக்களை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனு எழுதும்போது ஒரு தெளிவான படம் உடனிருப்பது நல்லதுதான். ஆனால் இந்தக் கேமராக்களுக்கான விளம்பரங்கள் 24, 36, 48 மெகாபிக்சல் என்ற எண்களையே பெரிதாக அச்சிடுகின்றன. இரவுப் படத்தின் தெளிவுக்கும் அந்த எண்ணுக்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்பதால், வாங்க நினைக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மலிவான கேமராக்கள் பலவற்றில் உள்ளே இருந்து ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் 4 அல்லது 5 மெகாபிக்சல் அளவுடையதே. அது தரும் படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிக் கோப்பின் அளவை மட்டும் கூட்டுகிறது. மானின் கொம்பில் ஒரு கிளைகூட அதனால் கூடுதலாகத் தெரியப் போவதில்லை. சென்சாரின் உண்மையான அளவை வெளியிடாத நிறுவனத்தின் கேமராவை வாங்காமல் விடுவதே நல்லது.

இரவில் படம் மங்குவதற்கு முதற்காரணம், சென்சாருக்கு ஒளியைத் திறந்துவிடும் ஷட்டர் மெதுவாக இயங்குவது. வெளிச்சம் போதாதபோது கேமரா தானாகவே ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்ல நடந்துபோகும் மிளாகூட, ஷட்டர் 1/15 நொடி திறந்திருந்தால் அதற்குள் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/60 நொடி என்றால் நகர்வு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகவே, கடைக்காரர் காட்டும் மாதிரிப் படத்தில் மான் நின்று மேய்கிறதா, நடந்து போகிறதா என்று கவனிக்க வேண்டும். நிற்கும் மானை எந்தக் கேமராவும் ஓரளவு நன்றாகவே எடுத்துவிடும்.

ஷட்டர் வேகமாக இயங்க வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளே பெரும்பாலான கேமராக்களில் உள்ளன. அவற்றின் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். அவற்றில், ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்து 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என இரு வகைகள் உண்டு. முதல் வகை எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். இரண்டாவதில் எதுவும் தெரியாது. ஆனால் கேமராவின் சென்சார் 940 ஒளியை அவ்வளவு நன்றாக உணராது என்பதால், அந்த வகையில் படம் இருண்டும் புள்ளி புள்ளியாகவும் வருகிறது. மானின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் சரிவரத் தெரியாது. எனவே மானுக்காக 940 வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. கேமராவைக் கழற்றிக்கொண்டு போகும் மனிதர்கள் நடமாடும் வழியாக இருந்தால் மட்டும் அது தேவைப்படலாம். வெள்ளை ஒளி பளிச்சிடும் வகை, வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் காணும் கணக்கெடுப்புக்கு உதவுவது. அதில் நிறமும் கூர்மையும் கிடைக்கும். நமக்கு வேண்டியது இன்ன விலங்கு என்று தெரிவது மட்டுமே.

இரவில் ஒளி எட்டும் தூரமாகப் பெட்டியின் மேல் ‘30 மீட்டர்’ என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தொலைவு இரண்டு மடங்கானால் விலங்கின் மேல் விழும் ஒளி கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. மான் நடக்கும் தடத்திலிருந்து 5 மீட்டர் அளவில், மானின் நெஞ்சு உயரத்தில் கட்டினால் சாதாரணக் கேமராவே நல்ல படம் தரும். லென்சுக்கு முன்னால் ஒரு ரப்பர் இலையோ ஈத்தல் புல்லோ நீட்டிக்கொண்டிருந்தால், ஒளி முழுவதும் அதில் பட்டுத் திரும்பிவந்து இலை வெண்மையாகவும் மான் கருநிழலாகவும் பதியும். அரிவாளால் அதைச் செதுக்கிவிடுவது, ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் செலவழிப்பதைவிடப் பயன் தரும்.

விலங்கின் உடல் வெப்பம் அசைவதை உணர்ந்துதான் கேமரா விழித்துக்கொள்கிறது. உணர்ந்த பிறகு படமெடுக்க ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் கேமராவில், கேளையாடு போன்ற சிறிய மான் வந்த வழியில் அதன் பின்கால் மட்டுமே மிஞ்சும். அரை நொடிக்குள் இயங்குவதைத் தேடுங்கள். பகல் வெயிலில் சுட்ட பாறைக்கு எதிரே கேமராவைக் கட்டினால், அந்தி நேரத்தில் பாறையின் வெப்பத்துக்கும் விலங்கின் வெப்பத்துக்கும் வேறுபாடு குறைந்து, சில வேளை அது விழிக்காமலே போகும்.

வெளிநாட்டு மதிப்புரைகளைப் படித்து வாங்குவோர் அதிகம் கவனிக்காத ஒன்று நம் ஊரின் ஈரம். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்குப் பிந்தைய குளிர்ந்த இரவில் லென்சின் உட்புறத்தில் நீராவி படிந்துவிட்டால், எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் மூடுபனியைத்தான் படமெடுக்கும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் உறுதியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அதை அவ்வப்போது மாற்றுங்கள். எறும்பு புகும் துளைகளையும் அடைத்துவிடுங்கள்.

பேட்டரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது மின்சாரம் அதிகம் இழுக்கப்படுவதால், பாதி தீர்ந்த சாதாரண அல்கலைன் பேட்டரிகளின் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. பகல் படம் பளிச்சென்றும் இரவுப் படம் இருண்டும் வந்தால், கேமராவைக் குறைசொல்லும் முன் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். லித்தியம் பேட்டரி விலை கூடுதல் என்றாலும் ஏறக்குறைய இறுதிவரை ஒரே அளவு மின்னழுத்தம் தரும். சிம் கார்டு வழியாகப் படம் அனுப்பும் வகை, சிக்னல் எட்டாத பள்ளங்களில் வீண் செலவு.

இவையெல்லாம் சொந்த நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். வேலியைத் தாண்டினால் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அங்கே படமெடுக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும்.

விற்பனையாளர்கள் இந்த விவரங்களைத் தாமாக வெளியிடுவார்கள் என்று தோன்றவில்லை. எனவே வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். உதயகிரிக் கோட்டைப் பல்லுயிர்ப் பூங்காவில் மான்கள் வளர்க்கப்படுகின்றன. சந்தையில் கிடைக்கும் சில வகைக் கேமராக்களை அங்கே ஒன்றாக ஒரே தொலைவில் கட்டிவைத்து, மழையில்லாத இரவில் ஒரு முறையும் மழை பெய்த இரவில் ஒரு முறையும் சோதித்து, கிடைக்கும் படங்களை விலையோடு சேர்த்து வேளாண் விரிவாக்க மையங்களில் ஒட்டிவைக்கலாம். இதற்கென்று தனிச் செலவு தேவையில்லை. கேமரா வைத்திருக்கும் மலையோர விவசாயிகளிடம் இரவல் கேட்டால் தருவார்கள். என்னுடையதைத் தர நான் தயார்.

இப்படிக்கு,
மலையோர விவசாயி ஒருவர்,
தடிக்காரன்கோணம், கன்னியாகுமரி மாவட்டம்.