பையைக் கொடுத்துவிட்டுப் போன அண்ணனுக்கு

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடி போகும் பஸ்ஸில், அக்டோபர் 5 மாலை, ஒரு துணிப்பையை விட்டுவிட்டு ஆசனூரில் இறங்கிவிட்டேன். உள்ளே என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 23 பேரின் தமிழ் நோட்டுகள், திருத்தி முடித்தவை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியிலேயே வைத்திருந்தேன். இறங்கும் அவசரத்தில் மறந்துபோனது. இரவு தூக்கமே இல்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்வேன்?

மறுநாள் காலை டீக்கடைக்காரர் பையை நீட்டினார். முதல் பஸ்ஸில் வந்த யாரோ, நோட்டு அட்டையில் பள்ளிப் பெயரைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அண்ணா, மழைக்கு நனையாமல் நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்தீர்கள். கூடவே ஒரு புது சாக்பீஸ் பெட்டி! அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அக்டோபர் 5 உலக ஆசிரியர் தினம். ஆசிரியர்களின் ஊதியம், பயிற்சி, பணிப் பாதுகாப்பு பற்றிய சர்வதேசப் பரிந்துரை 1966-இல் அதே நாளில்தான் பாரிஸில் ஏற்கப்பட்டது. 1994 முதல் கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் செப்டம்பர் 5-தான் எல்லோருக்கும் தெரியும், இது சத்தமில்லாமல் போய்விடும். எனக்கு இந்த வருடம் அப்படிப் போகவில்லை.

உங்கள் சாக்பீஸால் கரும்பலகையில் முதலில் 'நன்றி' என்று எழுதினேன். 23 பேரும் பார்த்து எழுதினார்கள்.