பசுந்தேயிலை விலையும் பைத்தான் தரும் சராசரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே எங்கள் ஊர்ச் சிறு தேயிலை விவசாயிகள் சிலரின் பசுந்தேயிலைக் கணக்கை, பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரல் ஒன்றின் உதவியோடு நான் பார்த்து வருகிறேன். பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருப்பதால் மாணவர்களும் ஆர்வத்துடன் உதவ வருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் கிலோ விலையின் சராசரியைக் கேட்டபோது நிரல் ‘டைப்எரர்’ (எண் வகை பொருந்தாப் பிழை) என்று சொல்லி நின்றுவிட்டது. பட்டியலில் 20 முழு எண்ணாகவும், 18.50 டெசிமலாகவும் (நாம் எழுதும் தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் வகை), எக்ஸெல் கோப்பிலிருந்து வந்த 19.1 ஃப்ளோட்டாகவும் (தசம எண்ணைப் பெரும்பாலும் தோராயமாக வைத்துக்கொள்ளும் வகை) இருந்தன. 2014இல் பைத்தான் 3.4 பதிப்புடன் வந்த, சராசரி போன்றவற்றைக் கணக்கிடும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் லைப்ரரி, முதல் இரண்டுக்கு மட்டும் கேட்டால் 19.25 என்று டெசிமலிலேயே விடை தரும். டெசிமலும் ஃப்ளோட்டும் கலந்தால் மறுத்துவிடும். அந்த மறுப்பு சரியானது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

உடனிருந்த மாணவர் ஃப்ளோட்டை அப்படியே டெசிமலாக மாற்றினார்; பிழைச்செய்தி போய்விட்டது. ஆனால் ஃப்ளோட் எண்களை இரும முறையில் வைத்துக்கொள்வதால் 0.1 அதில் துல்லியமாக அடங்குவதில்லை. அதை நேரடியாக டெசிமலாக்கினால் 0.1000000000000000055 என்று தொடங்கி நீளும் எண்தான் கிடைக்கும். 19.1க்கும் இதே கதிதான்.

வகைகள் கலந்த பட்டியலுக்கு விடை எப்படி அமையும் என்பது வரையறுக்கப்படவில்லை என்று லைப்ரரியின் ஆவணமே கூறி, எல்லாவற்றையும் ஃப்ளோட்டாக மாற்றிக்கொள்வதை ஒரு வழியாகக் காட்டுகிறது. மழையளவுக்கு அது போதும். விவசாயியின் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டிய ரூபாய் பைசாவுக்கு அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. இப்போது விலைகளை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) சேமித்து வாசிக்கிறோம். அதில் ஒவ்வொரு விலையும் எழுத்துச் சரமாகவே வருகிறது. ஃப்ளோட் பக்கமே போகாமல் அந்தச் சரத்தை அங்கேயே டெசிமலாக மாற்றிவிடுகிறோம். சராசரி தடையின்றி வருகிறது. பைசா வரை சுருக்குவதை மட்டும் கடைசியில் ஒரே முறை செய்கிறோம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இந்த எண் வகைகளைப் பற்றி, கூட்டிப் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டுகளுடன் ஒரு கட்டுரை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்