போர்ட் மொரான்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா

அன்புள்ள கயலுக்கு,

லீவு நாளில் ஜார்ஜ்டவுனில் பார்க்க ஒன்றுமில்லை, தூங்கித்தான் பொழுது போகிறது என்று போனில் சொன்னாயே, எனக்குக் கோபமே வந்துவிட்டது. தென் அமெரிக்காவில், நம் ஆட்கள் போய்க் குடியேறிய கயானாவில் இருந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?

பெர்பீஸ் ஆற்றைத் தாண்டி கொரன்டைன் கரையோரமாகப் போனால் போர்ட் மொரான்ட் வரும். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் தலையெடுத்த ஊர். ரோகன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன், அப்புறம் காளிச்சரண், வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் அணிக்கு ஆடிய இவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்துப் பையன்கள். 1958 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் தொடங்கிய டெஸ்டில் கன்ஹாய் 256, புட்சர் 103, சாலமன் அவுட் ஆகாமல் 69 என்று ஒரே இன்னிங்ஸில் ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர் நம்மவர்களைப் போட்டு வெளுத்தார்கள். கவாஸ்கர் தன் மகனுக்கு ரோகன் என்று பெயர் வைத்தது இந்தக் கன்ஹாயை நினைத்துத்தான். 1960-ல் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய பிரிஸ்பேன் டெஸ்ட் இரு அணிக்கும் சரிசமமாக, டையில் முடிந்தது என்றால், பக்கவாட்டிலிருந்து ஒற்றை ஸ்டம்ப் மட்டும் தெரிய, பந்தை எறிந்து அதைக் குறிபார்த்து அடித்த சாலமன்தான் காரணம்.

உன் சித்தப்பாவைக் கேட்டால் எல்லாம் அந்த மண்ணின் ராசி என்பார். ராசியாவது ஒன்றாவது! தோட்டத்துப் பையன்கள் எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள், ஜார்ஜ்டவுன் பெரிய மனிதர்கள்தான் அந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 1954-ல் வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர் கிளைட் வால்காட் சர்க்கரைத் தோட்டங்களுக்குக் கிரிக்கெட் அமைப்பாளராக வந்த பிறகுதான் வழி பிறந்தது. பின்னாளில் நாட்டின் அதிபரான செட்டி ஜகனும் 1918-ல் அங்கே தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர்தான், அவரையும் ராசிக் கணக்கிலா சேர்ப்பது?

பக்கத்திலேயே ஆல்பியன். உலகக் கோப்பையை ஜெயிப்பதற்கு மூன்று மாதம் முன்னால், 1983 மார்ச்சில், கபில்தேவ் அணி ஒருநாள் போட்டியில் வெஸ்ட் இண்டீஸை முதன்முதலாக வீழ்த்தியது அந்த மைதானத்தில்தான், கவாஸ்கர் 90 அடித்தார். அதே பெர்பீஸ் பக்கம் காளி கோயில்களும் உண்டு. 1845-லிருந்து மதராஸ் கப்பல்களில் போனவர்கள் கொண்டுபோன வழிபாடு, மாரியம்மாவும் மதுரை வீரனும் அங்கே இருக்கிறார்கள், தப்பு அடித்துச் சாமி ஆடுகிறார்கள். தமிழ் பேச்சில் இல்லாமல் போனாலும் இது போகவில்லை. பூசை நடக்கும்போது போனில் படம் எடுக்காதே, முதலில் பூசாரியிடம் கேட்டுக்கொள்.

தனியாகப் போகாதே. உன் வார்டில் பெர்பீஸ்கார நர்ஸ் ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவரைக் கூட்டிக்கொண்டு போ, மினிபஸ் காசு நான் அனுப்புகிறேன். அம்மா மீன் குழம்புப் பொடி பார்சல் போட்டிருக்கிறாள், அதில் கொஞ்சம் அவருக்கும் கொடு.

அப்பா