கயலின் வேலை பற்றி

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பெங்களூரில் மழை விட்டபாடில்லை. டொம்லூரிலிருந்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

சரி, கயல் விஷயம். தொல்லியல் எம்.ஏ. முடித்துவிட்டு அகழாய்வு நடக்கும் மாதங்களில் மட்டும் தற்காலிக வேலை, மிச்ச நாள் வீட்டில் என்று எழுதியிருந்தாய். அண்ணன் பி.எட். சேரச் சொல்கிறாராம். வாத்தியார் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். வேறு வழியே இல்லை என்று நினைத்து அதற்குப் போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் தொல்லியல் படித்துவிட்டு இந்த வரைபடக் கம்பெனிக்கு வந்தபோது ரோமானியக் காசு பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நிலம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைப் பிடித்திருக்கிறாயா, கம்ப்யூட்டரில் வரைபடத்தோடு தகவலைச் சேர்க்கும் ஜிஐஎஸ் தெரியுமா, அவ்வளவுதான் கேள்வி. தஞ்சாவூரில் வெயிலில் நின்று குழி அளந்ததுதான் இன்றைக்குச் சோறு போடுகிறது. அதற்கான க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம்தான், அதை இப்போதே பழகச் சொல்.

அப்புறம் இங்கே செயலி செய்யும் கம்பெனிகளில் யூஎக்ஸ் ரிசர்ச் என்று ஒரு வேலை இருக்கிறது. ஜனங்கள் ஒரு பொருளை நிஜத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது. இதற்கு நம் ஆட்கள் எவ்வளவு பொருத்தம் என்பதற்கு வில்லியம் ராத்ஜே போதும். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர். 1973இல் டூசான் நகர வீட்டுக் குப்பையை அகழாய்வில் கிடைத்த பொருளைப்போலப் பிரித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். எவ்வளவு பீர் குடிக்கிறோம் என்று வீட்டார் சொன்ன கணக்கை விடத் தொட்டியில் கிடந்த காலி டப்பாக்கள் அதிகம்! மாட்டிறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்த சமயத்தில் அதை வீணாக்குவது குறையவில்லை, கூடியிருந்தது. கிடைத்தபோது வாங்கிக் குவித்திருக்கிறார்கள். பின்னாளில் நகரக் குப்பைமேடுகளையே தோண்டினார். மக்கிப் போயிருக்கும் என்று எல்லோரும் நம்பிய பழைய செய்தித்தாள்கள் படிக்கிற மாதிரியே இருந்தன. வாயால் சொன்னதை நம்பாமல் விட்டுப்போனதைப் பார்க்கிற கண் கயலுக்கும் இருக்கும். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்று எழுதாமல் ஒரு பானை ஓட்டைக்கூடக் கையில் எடுக்காதவள்தானே.

மியூசியம் வேலையும் உண்டு. கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த மேப் என்கிற கலை, புகைப்பட மியூசியம் போன்ற இடங்களில் பொருள்களைப் பட்டியலிட, டிஜிட்டல் ஆக்க ஆள் தேவைப்படும். ஆனால் இடம் குறைவு. அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். இங்கே மிதிக் சொசைட்டி என்கிற வரலாற்று ஆய்வுச் சங்கம் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்கிறது. அதை முன்னின்று நடத்துபவர் பொறியியல் படித்தவர். பொறியியல்காரர்கள் நம் பக்கம் வரும்போது நாம் அந்தப் பக்கம் போனால் என்ன?

ஒன்று சொல்லிவிடுகிறேன், முதல் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். டேட்டா என்ட்ரி செய்து கண் எரியும். மண்ணைத் தொடாமல் கை பரபரக்கும், எனக்கு இன்னும் அது போகவில்லை.

விண்ணப்பத்தில் ‘பானை ஓடு வகைப்படுத்தினேன்’ என்று எழுதினால் எச்.ஆர். ஆளுக்கு ஒன்றும் புரியாது. எத்தனை பொருளைப் பதிந்தாள், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினாள், அறிக்கையை எத்தனை நாளில் முடித்தாள் என்று எழுத வேண்டும். தீபாவளி கழிந்ததும் அனுப்பி வை, என்னோடு தங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை டொம்லூர் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டுகளைக் காட்டுகிறேன். களக் குறிப்பேடுகளை மறக்காமல் எடுத்து வரச் சொல். அதை வைத்துத்தான் விண்ணப்பம் எழுதப்போகிறோம்.

அன்புடன்,
மல்லிகா