நோர்ப்ளின் வரைந்த சுவருக்குப் பெயின்டரை அனுப்பாதீர்கள்

பாரம்பரியக் கட்டடச் சீரமைப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் மாளிகை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

பழைய மாளிகைகளின் சுவரோவியங்களை வெள்ளையடிப்போடு சேர்த்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் விடுவதை நிறுத்துங்கள். அதைக் கேட்கவே இம்மடல்.

ஸ்டெஃபான் நோர்ப்ளின் யாரென்று நீங்கள் அறிவீர்கள். போலந்துத் தலைநகர் வார்சாவில் பேர்பெற்ற ஓவியர். ஜெர்மனி படையெடுத்த 1939 செப்டம்பரில் மனைவி லேனாவுடன் வெளியேறி, ருமேனியா, துருக்கி, ஈராக் வழியாக 1941இல் இந்தியா வந்தார். ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனையில் ராமாயணக் காட்சிகளை வரைந்தார், குஜராத்தின் மோர்பி அரண்மனையிலும் வரைந்தார். 1946இல் அமெரிக்கா போனவர் 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். கேன்வாஸ் என்றால் சுருட்டி எடுத்துப் போயிருப்பார். சுவரை நம்மை நம்பித்தானே விட்டுப் போனார்?

இப்படிப்பட்ட சுவர்களுக்கு எமன் உப்பு. கூரையில் கசியும் மழைநீர் சாந்துக்குள் இறங்கி அதிலுள்ள உப்பைக் கரைக்கிறது. உலரும்போது அந்த உப்பு வண்ணத்துக்கு அடியில் படிகமாகி அதை நெம்பித் தூக்குகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு கரையும். இறங்கினால் மறுபடி இறுகும். விருந்தினர் வந்தால் ஏசி, போனால் நிறுத்தம் என்று இருக்கும் அறையில் மழைக்காலத்தில் இது தினமும் நடக்கலாம். பொரிந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் வண்ணச் செதில் துணியோடு வந்துவிடும். சிமெண்டால் அடைத்தால் புது உப்பு சேரும், உள்ளிருக்கும் ஈரம் பக்கத்து ஓவியத்துக்குப் போகும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டால், பிறகு அதை உரிக்கும்போது அடியில் இருக்கும் ஓவியமும் உரிந்து வரும்.

முதலில் கூரைக் கசிவை அடைத்துவிடுங்கள். விளக்கைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பகுதியையும் படம் எடுங்கள்; புடைப்பு அப்போதுதான் தெரியும். உப்பை உலர்ந்த மென்தூரிகையால் எடுக்க வேண்டும். தூக்கி நிற்கும் செதிலை மெல்லிய ஜப்பானியத் தாளால் பிடித்து நிறுத்தி, பின்புறம் ஊசியால் பசை செலுத்த வேண்டும். உதிர்ந்த இடத்தில் மட்டும், பின்னர் நீக்கக்கூடிய வண்ணத்தைத் தீட்ட வேண்டும். இதெல்லாம் ஓவியப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை.

ஜோத்பூர் ஓவியங்களைப் போலந்து வல்லுநர்கள் வந்து சீரமைத்தார்கள். அதைப் பார்த்த பிறகும் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்றால் எப்படிப் பொறுப்பது? திறப்பு விழாக் கல்வெட்டில் எத்தனை பெயர்கள்! வரைந்தவர் பெயருக்கு ஒரு வரி கிடைப்பதில்லை.

கடுமையாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். அடுத்த ஒப்பந்தத்திலாவது சுவரோவியத்தைப் பெயின்ட் வேலையிலிருந்து பிரித்து, பருவமழைக்கு முன் வல்லுநர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
சுவரோவியப் பாதுகாப்பில் அக்கறையுள்ளோர்