நிற்கலாமா என்று கேட்டிருந்தாய்

மஞ்சக்குப்பம், கடலூர்
23.11.2025

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. எட்டுப் பக்கம். ஆறு மாதம் நியூயார்க்கில் மகள் வீட்டில் இருந்துவிட்டு புதுச்சேரி லாஸ்பேட்டைக்குத் திரும்பியதும், போனில் பேசி முடித்துவிடாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாயே, அதுவே பெரிய சந்தோஷம். உன் தங்கச்சி என் கையிலிருந்து வாங்கி இரண்டு தரம் படித்தாள். பேத்தி உன் விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது, பயப்படும்படி இல்லை. ஆனாலும் போன வருஷம் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை ஊருக்குள் புகுந்தது மனதை விட்டுப் போகவில்லை. ராத்திரி மழை வலுத்தால் எழுந்து வாசல் விளக்கைப் போட்டுத் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஒரு துக்கச் செய்தியும் உண்டு. தேவனாம்பட்டினம் கல்லூரியில் நம்மோடு படித்து, பிறகு முதுநகரில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தானே நம் கூட்டாளி, ஐப்பசி கடைசியில் போய்விட்டான். நீ விமானத்தில் இருந்த நேரம். நான் காரியத்துக்குப் போயிருந்தேன். பெரிய மகன் உன்னைக் கேட்டான். ஒரு வார்த்தை பேசிவிடு.

இனி நீ கேட்ட விஷயம். விசாரணையில் இருக்கிற மேயர் மறுபடியும் தேர்தலில் நிற்கலாமா, விலக வேண்டுமா? நீ உன் பதிலையும் சேர்த்தே எழுதிவிட்டாய்: தீர்ப்பு வரும்வரை நிரபராதி, அதனால் நிற்கலாம், மிச்சத்தை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். நானும் அதையேதான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். பொய்க் குற்றச்சாட்டு என்றால் என்ன என்று பட்டு அறிந்தவன் நான். ஆனால் மாப்ள, எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலகத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நியூயார்க் மேயர் எரிக் ஆடம்ஸ் கதையை நீ அங்கே இருந்து பார்த்தாய், நான் பேப்பரில் படித்தேன். 2024 செப்டம்பரில் ஐந்து குற்றச்சாட்டுகள். துருக்கிக்காரர்களிடம் சொகுசுப் பயணமும் சட்டவிரோத நன்கொடையும் வாங்கிக்கொண்டு, அவர்களுடைய 36 மாடிக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறை அனுமதி கிடைக்க அழுத்தம் கொடுத்தார் என்பது அதில் முக்கியமானது. அவர் மறுத்தார், நாற்காலியிலும் இருந்தார், மறுபடி நிற்பேன் என்றும் சொன்னார். அடுத்த மாதமே அவருடைய முன்னாள் ஊழியர் ஒருவர் மீது, சாட்சிகளைப் பொய் சொல்லச் சொன்னதாகத் தனி வழக்கு வந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நீ உன் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு அதுதான் தைத்தது.

ஏன் தைத்தது என்று உனக்குத் தெரியும். 1994. நான் அப்போது வேலை பார்த்த நகராட்சியின் பெயர் இங்கே வேண்டாம். வீட்டுவரி வசூல் ரசீதுக்கும் கஜானாவில் கட்டிய செலானுக்கும் கணக்கு இடிக்கிறது என்று எனக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றக் குறிப்பாணை கொடுத்து, சஸ்பெண்ட் பண்ணினார்கள். முதல் ஆறு மாதம் பாதிச் சம்பளம்தான் பிழைப்பூதியம். பெரியவளுக்குப் பள்ளிக்கூடப் பணம் நீதான் கட்டினாய். தெருவில் நடந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். உன் தங்கச்சி ஒரு வருஷம் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

உன்னிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் என் கையெழுத்து மட்டும் இல்லை. எனக்கு மேலே இருந்தவர் கையெழுத்தும் இருந்தது. அவரும் விசாரணையில்தான் இருந்தார். ஆனால் அவரை சஸ்பெண்ட் செய்யவில்லை. அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். நான் வெளியே நின்ற மாதங்களில் யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும், கட்டினார், பாக்கி என்று எழுதுகிற கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் இரண்டு தாள் காணாமல் போயின. என்னோடு தினமும் ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்ட அலுவலக உதவியாளர் விசாரணை அதிகாரி முன்னால் வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னார். அவர் மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. அவருடைய வருடாந்திர ஊதிய உயர்வுக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும்? மூன்று பெண் பிள்ளைகள் அவருக்கு. பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "சார், அவரு அங்கேயே உக்காந்திருக்காரு, நான் என்ன பண்ணுவேன்?" என்றார். கடைசியில் அந்தப் பணம் வேறொரு வார்டு தலைப்பில் வரவு வைக்கப்பட்டிருந்தது ஒரு தணிக்கையாளர் கண்ணில் பட்டு நான் மீண்டேன். இரண்டு வருஷம் நாலு மாதம் ஆயிற்று.

சஸ்பென்ஷன் தண்டனை இல்லை என்று ஆணையிலேயே அதிகாரிகள் எழுதுவார்கள். அப்போது அதைப் படித்து வயிறு எரிந்தது. இன்றைக்கு யோசித்தால் அந்த வாக்கியத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கோப்பு யார் கையில் இருக்கிறதோ, சாட்சி யாருக்குக் கீழே வேலை பார்க்கிறாரோ, அந்த ஆளைத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் விசாரிக்க முடியும். என் விஷயத்தில் தப்பு நடந்தது என்னை நிறுத்தியதில் இல்லை. மேலே இருந்தவரை நிறுத்தாததில்.

நீ கேட்கலாம்: நாற்காலியை விட்டு இறங்குவது வேறு, போட்டியை விட்டு விலகுவது வேறு இல்லையா? சாதாரண வேட்பாளருக்கு வேறுதான். பதவியில் இருக்கிற மேயருக்கு இரண்டும் ஒன்றில்தான் போய் முடியும். அவர் மறுபடி நிற்கிறார் என்றால், இன்னும் நாலு வருஷம் இவரே மேலே இருக்கக்கூடும் என்று ஒவ்வொரு ஊழியருக்கும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரருக்கும் சொல்வதாகத்தான் அர்த்தம். அந்த உதவியாளர் மாதிரி எத்தனை பேர் அந்த ஊரில் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்! இந்தத் தடவை நிற்கவில்லை என்று ஒரு மேயர் அறிவித்துவிட்டால், அந்த நிமிஷமே பாதிப் பயம் போய்விடும்.

ஆடம்ஸ் வழக்கு எப்படி முடிந்தது பார். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகமே வழக்கைக் கைவிடச் சொன்னது. குடியேற்ற விவகாரத்தில் மேயரின் ஒத்துழைப்புக்கு வழக்கு தடையாக இருக்கிறது என்பது ஒரு காரணம். அவருடைய தேர்தல் பிரசாரத்துக்கு இடைஞ்சல் என்பது இன்னொரு காரணம்! அதாவது அவர் போட்டியில் இருப்பதே வழக்கை மூடுவதற்குச் சாக்காகிவிட்டது. வழக்கைக் கவனித்துவந்த டேனியல் சசூன் என்ற அரசு வழக்கறிஞர், இதற்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று ராஜினாமா செய்தார். அந்தப் பெண்ணை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஏப்ரல் 2ஆம் தேதி நீதிபதி டேல் ஹோ, பேரம் நடந்த வாடை அடிக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டு, மறுபடி எடுக்க முடியாதபடி வழக்கைத் தள்ளுபடி செய்தார். எடுக்கலாம் என்று விட்டுவைத்தால் மேயரின் தலைக்கு மேல் அது கத்தியாகத் தொங்கிக்கொண்டே இருக்கும் என்பதால்.

முடிவில் அந்த ஊர் ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? தப்பு செய்தாரா இல்லையா என்பதற்குப் பதில் இல்லை. செய்யவில்லை என்றால் அவருக்கும் அது அநியாயம். என் கையில் விடுவித்த ஆணை இருக்கிறது, இன்றும் பீரோவில் வைத்திருக்கிறேன். அவர் கையில் அப்படி ஒரு காகிதம் இல்லை. அப்புறம் செப்டம்பர் 28ஆம் தேதி, வாக்குச் சீட்டிலிருந்து பெயரை எடுக்கக்கூட நேரம் இல்லாத நிலையில், போட்டியிலிருந்து விலகினார். வழக்கு உயிரோடு இருந்தபோது விலகியிருந்தால் அதற்குப் பெயர் விலகல். பணமும் ஆதரவும் வற்றிய பிறகு போவதை நான் அதில் சேர்க்க மாட்டேன்.

நீ எழுப்பிய ஒரு ஆட்சேபம் மட்டும் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கேஸ் போட்டாலே விலக வேண்டும் என்றால், போலீசைக் கையில் வைத்திருப்பவன் எதிரிகள் எல்லாரையும் தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவானே? உண்மை. முதல் தகவல் அறிக்கைக்கெல்லாம் விலகச் சொல்ல நான் தயாரில்லை. நம் சட்ட ஆணையம் 2014இல் கொடுத்த 244ஆம் அறிக்கையில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. அதிகபட்சத் தண்டனை ஐந்து வருஷமோ அதற்கு மேலோ உள்ள குற்றமாக இருக்க வேண்டும். நீதிமன்றமே ஆதாரத்தைப் பார்த்துக் குற்றச்சாட்டு வனைந்திருக்க வேண்டும். அதுவும் வேட்புமனு பரிசீலனைக்கு ஒரு வருஷம் முன்பே நடந்திருக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஜோடித்த வழக்குகள் செல்லாது. இதைவிட நியாயமான கோடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் 2018இல் உச்ச நீதிமன்றம், தகுதி நீக்கத்தைப் பாராளுமன்றம்தான் சட்டமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வேட்பாளர்கள் தங்கள் வழக்குகளை விளம்பரம் செய்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டது. பேப்பரில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வருகிறதே, அதுதான். யார் படிக்கிறார்கள்? அதனால்தான் சட்டம் வரும்வரை இது அந்த மனிதரின் மனசாட்சிப் பொறுப்பாகவே இருக்கிறது.

ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறாய். 2001 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? ஜெயலலிதா மனுத் தாக்கல் செய்த நாலு தொகுதியில் நம் புவனகிரியும் ஒன்று. நாலுமே தள்ளுபடி ஆயின. அந்த வாரம் நாம் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் ஒரே சண்டை. மக்கள் மன்றம்தான் பெரிய மன்றம் என்று நீ கத்தினாய். மே மாதம் கட்சி ஜெயித்து அவர் முதல்வரானார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, டிசம்பரில் உயர் நீதிமன்றம், அவருக்குத் தண்டனை கிடைத்திருந்த டான்சி நில வழக்கில் அவரை விடுவித்தது. அந்த எட்டு மாதத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான்: யார் ஆள வேண்டும் என்று ஓட்டு சொல்லும். ரசீது பொய்யா மெய்யா என்று ஓட்டால் சொல்ல முடியாது. என் பதிவேட்டில் காணாமல் போன இரண்டு தாளை எந்தத் தேர்தல் கண்டுபிடித்துத் தரும்?

விலகினால் வாழ்க்கை முடிந்துவிடும் என்றும் இல்லை. அத்வானியின் அரசியலோடு எனக்கு என்றைக்கும் ஒத்துப்போனதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் 1996இல், லஞ்சம் கொடுத்த கணக்கு என்று சொல்லப்பட்ட ஹவாலா டைரியில் பெயர் அடிபட்டதும் எம்.பி. பதவியை விட்டார், அந்தத் தேர்தலில் நிற்கவில்லை, 1997இல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகு 1998இல் நின்று ஜெயித்தார். வாஷிங்டன் மேயர் மரியன் பாரி 1990இல் கைதானார், அந்த வருஷம் மேயர் பதவிக்கு நிற்கவில்லை, ஆறு மாதம் சிறையில் இருந்தார், 1994இல் அதே ஊர் அவரை மறுபடி மேயராக்கியது. அது சரியா என்பது அந்த ஊர்க்காரர்கள் பாடு. தீர்ப்பைத் தாண்டி வந்து நின்றார், அவர்களும் எல்லாம் தெரிந்தே ஓட்டுப் போட்டார்கள். எனக்கு அது போதும்.

இதையெல்லாம் எழுதும்போது உன் ஊரை நினைத்து வருத்தமாகவும் இருக்கிறது. கடலூர் 2021இல் மாநகராட்சியாகி, 45 வார்டு, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயர் என்று எங்களுக்கு ஏதோ ஒரு வாசல் இருக்கிறது. குப்பை எடுக்கவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். உங்கள் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல் ஒரு தடவை, அதோடு சரி. 2011லிருந்து உள்ளாட்சியில் ஒரு பிரதிநிதி கிடையாது. 2014 மழையில் இடிந்த பழைய நகராட்சிக் கட்டடத்தை, அந்த மேரி கட்டடத்தைப் பழையபடியே அழகாகக் கட்டிவிட்டார்கள். போன தடவை கடற்கரையில் நடந்தபோது அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோமே. விலகச் சொல்லிக் கேட்பதற்குக்கூட உங்களுக்கு ஒரு ஆள் இல்லை. அமெரிக்க மேயரைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிய நீ, இதைப் பற்றி ஒரு கடிதம் உங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு எழுது. நான் மனதார வேண்டிக் கேட்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை கண் பரிசோதனைக்கு அங்கே வருகிறேன். ஒன்பது மணி பஸ். மதியம் உன் வீட்டில் சாப்பாடு என்று என் தங்கச்சியிடம் சொல்லிவிடு, மீன் வேண்டாம், கார்த்திகை விரதம். பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ கொண்டுவருகிறேன். நியூயார்க் குவீன்ஸில் உன் மருமகனுக்குத் தபாலில் வந்ததாக எழுதியிருந்தாயே, அந்தத் தேர்தல் கையேடு, அதை எடுத்து வை. வேட்பாளர்களைப் பற்றி என்னென்ன அச்சடிக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

உன் அன்பு மச்சான்